'கெட்' என்ற ஆங்கிலச் சொல்: எந்த வரிசையில் படித்தால் பிடிபடும்? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களை அதிகம் தடுமாற வைப்பது வாயில் நுழையாத நீளச் சொற்கள் அல்ல, மூன்றே எழுத்துள்ள 'கெட்'. அகராதியைத் திறந்தால் பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள், செய்ய வை என்று அர்த்தங்கள் நீண்டுகொண்டே போகும். புதியவர்கள் அந்தப் பட்டியலை அப்படியே மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். பத்தாவது அர்த்தத்துக்கு வரும்போது இரண்டாவது மறந்திருக்கும்.

பட்டியலை விட்டுவிடுங்கள். 'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். பெயர்ச்சொல் வந்தால் ஒரு பொருள், பெயரடை வந்தால் வேறு பொருள், இடம் வந்தால் இன்னொன்று. பக்கத்தில் நிற்கும் சொல்தான் அர்த்தத்தை முடிவு செய்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு பார்வையைப் பழக்குவதற்குத்தான். வரிசையை மாற்றாமல் போனால் நல்லது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கண்ணால் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள்.

1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலில், சொல்லின் வடிவங்கள். நிகழ்காலத்தில் 'கெட்', அவன், அவள், அது வந்தால் 'கெட்ஸ்', இறந்தகாலத்தில் 'காட்', தொடரும் வினைக்கு 'கெட்டிங்'. மூன்றாம் வடிவம் பிரிட்டனில் 'காட்', அமெரிக்காவில் பெரும்பாலும் 'காட்டன்'. தமிழில் எழுதினால் பருத்தித் துணி மாதிரித் தெரிகிறது; ஆனால் தொடக்க ஒலி 'தங்கம்' என்று சொல்லும்போது 'ங்'குக்குப் பிறகு வருகிற ஒலி. 'கெட்', 'காட்' எல்லாவற்றுக்கும் அதே ஒலிதான்.

இரண்டாவது, பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இலக்கணப் புத்தகம் தேவையில்லை, சின்னச் சோதனை ஒன்று போதும். முன்னால் 'வெரி' போட்டுப் பாருங்கள். 'வெரி ஆங்க்ரி' சரியாக ஒலிக்கிறது, ஆகவே அது பெயரடை. 'வெரி ஆங்கர்' ஒலிக்கவில்லை, அது பெயர்ச்சொல். மூன்றாம் படியில் இந்தச் சோதனை இல்லாமல் நகர முடியாது.

மூன்றாவது, வினைகளின் மூன்றாம் வடிவம்: 'ஸ்டோலன்', 'ப்ரோக்கன்', 'ரிப்பேர்ட்' போன்றவை. எல்லாம் தெரிய வேண்டியதில்லை. தினமும் பயன்படுகிற முப்பது, நாற்பது தெரிந்தால் ஐந்தாம், ஆறாம் படிகளைத் தாண்டிவிடலாம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அகர வரிசையில் எழுத வேண்டாம். அமைப்பு வாரியாக எழுதினால்தான் பின்னால் பயன்படும்.

2. அடுத்து பெயர்ச்சொல் வந்தால்: பெறுதல், வாங்குதல், கொண்டுவருதல்

'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது. 'ஷீ காட் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்தது. 'வேர் டிட் யூ கெட் தட் ஷர்ட்?' என்றால் அந்தச் சட்டையை எங்கே வாங்கினாய். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முன்பு கையில் இல்லாதது இப்போது கைக்கு வந்தது. காசு கொடுத்ததா, தானாக வந்ததா என்பதை மற்றச் சொற்கள் சொல்லிவிடும்.

தமிழருக்கென்றே ஒரு பள்ளம் இங்கே இருக்கிறது. "இந்தக் கடையில் நல்லெண்ணெய் கிடைக்கும்" என்பதைப் பலர் 'ஜிஞ்சிலி ஆயில் வில் கெட் ஹியர்' என்கிறார்கள். கேட்பவருக்கு எண்ணெய் எதையோ வாங்கப் போகிறது என்று படும். காரணம் இதுதான்: நம் 'கிடை'யில் பொருள்தான் எழுவாய், பெறுகிற ஆள் 'எனக்கு', 'உனக்கு' என்று ஒதுங்கி நிற்பார், சில சமயம் வாக்கியத்திலேயே இருக்க மாட்டார். 'கெட்'டில் பெறுகிறவர்தான் எழுவாய். அவர் இல்லாமல் வாக்கியம் ஓடாது. ஆகவே 'யூ கேன் கெட் ஜிஞ்சிலி ஆயில் ஹியர்' என்று சொல்லுங்கள். இந்த 'யூ' எதிரே நிற்பவரை மட்டும் குறிக்காது. யார் வந்தாலும் என்று பொருள். 'கிடைக்கும்', 'கிடைத்தது' என்று மனதில் தோன்றும்போதெல்லாம் "யாருக்கு?" என்று ஒரு முறை கேட்டு, அந்த ஆளைத் தூக்கி முன்னால் வையுங்கள்.

இரண்டு பெயர்ச்சொற்கள் வந்தால் 'கொண்டுவந்து கொடு' அல்லது 'வாங்கிக் கொடு'. 'கெட் மீ எ காஃபி.' ஆள் முதலில், பொருள் பிறகு. திருப்பிச் சொல்வதானால் 'கெட் எ காஃபி ஃபார் மீ'. இங்கே 'டு மீ' வராது. தமிழில் 'எனக்கு' என்பதால் 'டு' வந்து நுழையப் பார்க்கும், விடாதீர்கள்.

நோய்க்கும் இதே அமைப்புதான். 'ஐ காட் எ கோல்ட்' என்றால் சளி பிடித்துக்கொண்டது. ஆனால் காய்ச்சல் அடித்துக்கொண்டிருக்கும்போது 'ஐ ஆம் கெட்டிங் ஃபீவர்' என்று சொன்னால் இனிமேல்தான் வரப்போகிறது என்று ஆகிவிடும். 'கெட்' தொற்றிய நேரத்தைச் சொல்லும். இருக்கிற நிலைக்கு 'ஐ ஹேவ் எ ஃபீவர்'.

அப்புறம் புரிதல். 'ஐ டோன்ட் கெட் இட்' என்றால் எனக்குப் புரியவில்லை. 'காட் இட்' என்றால் புரிந்தது, அல்லது வந்து சேர்ந்தது. எது என்பதைச் சூழல் சொல்லும். தொலைபேசியில் காது கேட்காதபோது நம் ஊரில் 'ஐ டிடின்ட் கெட் யூ' என்பது வழக்கம். வெளிநாட்டவரிடம் 'ஐ டிடின்ட் கெட் தட்' என்று சொல்வது இயல்பாக இருக்கும், ஏனென்றால் பிடிபடாதது அவர் சொன்ன சொல், அவர் அல்ல.

அழைப்பு மணி அடிக்கும்போது யாராவது 'ஐ வில் கெட் இட்' என்றால் நான் போய்த் திறக்கிறேன் என்று அர்த்தம். தொலைபேசி ஒலித்தாலும் அதேதான்.

3. அடுத்து பெயரடை வந்தால்: ஆகுதல்

இதை இரண்டாவதாகப் படிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முந்தைய படியில் பெயர்ச்சொல் பழகியிருக்கும். உடனே பெயரடையைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் படும். 'ஹீ காட் எ டாக்டர்' என்றால் அவர் மருத்துவர் ஆனார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மருத்துவரை அழைத்துக்கொண்டு வந்தார் என்று அர்த்தம். பெயர்ச்சொல் வந்துவிட்டதே! மருத்துவர் ஆனார் என்பதற்கு 'ஹீ பிகேம் எ டாக்டர்'. 'ஆகு' என்ற பொருள் வர வேண்டுமானால் 'கெட்'டுக்கு அடுத்து பெயரடைதான் நிற்க வேண்டும்: 'கெட் டயர்ட்', 'கெட் ஹங்க்ரி', 'கெட் ஓல்ட்', 'கெட் டார்க்'.

தவறு எங்கே நடக்கிறது? தமிழில் கோபம் வந்தது, பசி எடுத்தது, சலிப்புத் தட்டியது என்று உணர்ச்சிகளைப் பெயர்ச்சொல்லாகவே சொல்கிறோம். அதனால் 'ஐ காட் ஆங்கர்' என்று வாயில் வருகிறது. 'வெரி' சோதனையைப் போடுங்கள். 'ஆங்கர்' தேறாது, 'ஆங்க்ரி' தேறும். ஆகவே 'ஐ காட் ஆங்க்ரி'.

அடுத்தது, நிலையும் மாற்றமும். 'ஷீ இஸ் டயர்ட்' என்றால் இப்போது களைத்திருக்கிறாள். 'ஷீ கெட்ஸ் டயர்ட் ஈசிலி' என்றால் சீக்கிரம் களைத்துப்போகிறவள். 'இஸ்' இருக்கிற நிலை, 'கெட்' அந்த நிலைக்கு மாறும் நகர்வு. இரண்டையும் சேர்த்து 'ஐ ஆம் கெட் டயர்ட்' என்று சொல்ல முடியாது. 'ஆம்' வேண்டுமென்றால் 'கெட்டிங்' ஆக்குங்கள்: 'ஐ ஆம் கெட்டிங் டயர்ட்', களைப்பு ஏறிக்கொண்டிருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று சொல்ல நம்மில் பாதிப் பேர் 'ஐ ஆம் கெட்டிங் லேட்' என்கிறோம். இந்தியாவுக்குள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் பொது ஆங்கிலத்தில் 'கெட்டிங் லேட்' ஆவது நேரம், ஆள் அல்ல: 'இட் இஸ் கெட்டிங் லேட்'. நீங்கள் தாமதமாகப் போய்ச் சேரப் போகிறீர்கள் என்றால் 'ஐ ஆம் ரன்னிங் லேட்'.

எல்லா 'ஆகு'வுக்கும் 'கெட்' பொருந்தாது. பால் கெட்டுப்போனால் 'த மில்க் வென்ட் பேட்', இலை சிவந்தால் 'த லீஃப் டர்ன்ட் ரெட்'. இவை எண்ணிக்கையில் குறைவு. எதிர்ப்படும்போது நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

நடுவில் ஒரு பொருளைச் செருகினால் 'ஆகு' 'ஆக்கு' ஆகிவிடும். 'கெட் ரெடி' என்றால் தயாராகு. 'கெட் த கிட்ஸ் ரெடி' என்றால் பிள்ளைகளைத் தயாராக்கு. 'டோன்ட் கெட் யுவர் ஷூஸ் வெட்' என்றால் செருப்பை நனைத்துக்கொள்ளாதே. இந்தச் செருகலை இங்கேயே நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள், ஆறாம் படியில் இதே வித்தை மறுபடி வருகிறது.

4. அடுத்து இடம் வந்தால்: போய்ச் சேருதல்

'ஹவ் டு ஐ கெட் டு எக்மோர்?' என்பதுதான் வழி கேட்பதற்கு மிக இயல்பான வாக்கியம். 'கோ' கிளம்பிப் போவதைச் சொல்லும்; 'கெட்' போய்ச் சேர்வதைச் சொல்லும். 'வென் டிட் யூ கெட் ஹோம்?' என்று கேட்டால் எப்போது வீடு வந்து சேர்ந்தாய் என்று பொருள்.

இடத்துக்கு முன் 'டு' வர வேண்டும்: 'கெட் டு த ஸ்டேஷன்', 'கெட் டு வொர்க்'. ஆனால் 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன் 'டு' வராது. 'இங்கே', 'அங்கே' என்பவற்றுக்குத் தமிழிலும் வேற்றுமை உருபு கட்டாயமில்லை அல்லவா, அதே சங்கதிதான். 'ஐ காட் டு ஹோம்' என்பது மிக அதிகமாகக் காதில் விழுகிற தவறு.

'ரீச்' என்ற சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. 'ரீச்'சுக்கு 'டு' கூடாது: 'ஐ ரீச்ட் த ஆஃபீஸ்'. 'கெட்'டுக்கு வேண்டும்: 'ஐ காட் டு த ஆஃபீஸ்'.

வண்டி ஏறுவதும் இறங்குவதும் இதே வகை. எழுந்து நின்று நடக்கக்கூடிய வண்டி என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து உள்ளே நுழைந்து உட்கார வேண்டியது என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்': கார், ஆட்டோ, டாக்சி. பைக், சைக்கிள், குதிரை மூன்றிலும் மேலே ஏறி உட்காருவதால் 'ஆன்', 'ஆஃப்'.

நம் ஊர்ப் பேருந்தில் இறங்குவதை 'கெட் டவுன்' என்கிறோம். லண்டன் பஸ்ஸில் 'ஐ வான்ட் டு கெட் டவுன் ஹியர்' என்றால் ஒருவாறு புரிந்துகொள்வார்கள், ஆனால் குனி, கீழே படு என்பதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றும் பொருள். 'கெட் ஆஃப்' என்று பழகிக்கொண்டால் எந்த ஊரிலும் செல்லும்.

5. அடுத்து வினையின் மூன்றாம் வடிவம் வந்தால்: ஒன்று நேர்தல்

'ஹீ காட் அரெஸ்டட்', 'மை ஃபோன் காட் ஸ்டோலன்', 'ஷீ காட் ப்ரமோட்டட்'. எழுவாய்க்கு ஏதோ நேர்ந்தது. தமிழில் பிடிபட்டான், அடிபட்டது என்று 'படு' போட்டும், திட்டு வாங்கினான் என்று 'வாங்கு' போட்டும் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த இடம். செய்தவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை.

புதியவர்கள் சறுக்குவது கேள்வி கேட்கும்போது. 'ஹீ வாஸ் அரெஸ்டட்' என்பதைக் கேள்வியாக்கினால் 'வாஸ் ஹீ அரெஸ்டட்?'. அதே கையோடு 'வாஸ் ஹீ கெட் அரெஸ்டட்?' என்று வந்துவிடும். 'கெட்' ஒரு சாதாரண வினை, 'வாஸ்' போலத் தானே முன்னால் நகராது. அதற்கு 'டிட்' உதவி வேண்டும்: 'டிட் ஹீ கெட் அரெஸ்டட்?', 'ஹீ டிடின்ட் கெட் அரெஸ்டட்'.

எங்கே 'கெட்' போடலாம், எங்கே 'வாஸ்' தான் சரி? திடீரென்று நேர்ந்தது, எதிர்பாராமல் நடந்தது, நல்லதோ கெட்டதோ ஒருவர் மேல் வந்து விழுந்தது என்றால் 'கெட்' இயல்பு. திட்டமிட்டுச் செய்யப்பட்டவற்றைத் தகவலாகச் சொல்லும்போது 'வாஸ்'. தஞ்சைப் பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது என்று எழுத 'வாஸ் கம்ப்ளீட்டட்' தான் பொருந்தும். 'காட் கம்ப்ளீட்டட்' என்றால் இழுத்தடித்து ஒருவழியாக முடிந்தது என்ற தொனி வந்து ஒட்டிக்கொள்ளும். அறியப்படுதல், நேசிக்கப்படுதல் போன்ற நிலைகளுக்கும் 'கெட்' ஒத்துவராது.

யாரும் செய்யாமல் தானே செய்துகொள்வதற்கும் இதே அமைப்பு உண்டு: 'கெட் டிரெஸ்ட்', உடுத்திக்கொள், 'கெட் மேரீட்', திருமணம் செய்துகொள். திருமணத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். 'ஷீ காட் மேரீட் டு எ டீச்சர்' என்பதில் 'டு' வரும், 'வித்' வராது. 'கெட்' இல்லாமல் சொன்னால் 'டு'வும் போய்விடும்: 'ஷீ மேரீட் எ டீச்சர்'. மணமானவரா என்று கேட்க 'ஆர் யூ மேரீட்?'. 'டிட் யூ கெட் மேரீட்?' என்று கேட்டால் கல்யாணம் நடந்து முடிந்ததா என்று விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

6. நடுவில் ஆளோ பொருளோ வந்தால்: செய்வித்தல்

இந்தப் படிதான் நேரம் பிடிக்கும். இதைத் தாண்டிவிட்டால் பேச்சு ஒரே நாளில் மாறியது போலத் தோன்றும், அவ்வளவு பயன்.

தமிழில் "முடி வெட்டினேன்", "பைக் ரிப்பேர் பண்ணினேன்", "ப்ளவுஸ் தைத்தேன்" என்று சொல்வோம். வெட்டியவர், பழுது பார்த்தவர், தைத்தவர் வேறு ஆள் என்பது கேட்பவருக்கே தெரியும். ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டீர்கள். வேறொருவரைக் கொண்டு செய்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'.

அமைப்பு இது: 'காட்', பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.' 'ஐ காட் எ ப்ளவுஸ் ஸ்டிச்ட்.' 'ஐ நீட் டு கெட் மை ஐஸ் டெஸ்டட்.' பொருள் நடுவில்தான் நிற்க வேண்டும். 'ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்' என்று கடைசிக்குத் தள்ளினால் வாக்கியம் உடைந்துவிடும், ஏனென்றால் 'ஐ காட் ரிப்பேர்ட்' என்று கேட்டதுமே ஐந்தாம் படிப்படி பழுது பார்க்கப்பட்டது நீங்கள்தான் என்று ஆகிறது. வரிசையை மாற்றக் கூடாது என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஐந்தாவதைப் பழகாதவருக்கு இந்தத் தவறு ஏன் தவறு என்றே தெரியாது.

'ஐ ஹேட் மை ஹேர் கட்' என்றும் சொல்லலாம், பொருள் ஒன்றே. ஆனால் அங்கேயும் சொல் இடம் மாறினால் கதை மாறும்: 'ஐ ஹேட் கட் மை ஹேர்' என்றால் அதற்கு முன்பே நானே வெட்டியிருந்தேன்.

நடுவில் ஆள் வந்தால் 'டு' சேர்த்து வினையின் முதல் வடிவம்: 'ஐ காட் மை பிரதர் டு டிரைவ் மீ', அண்ணனை வண்டி ஓட்ட வைத்தேன். நம் 'செய்ய வைத்தேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் மூன்று வினைகள் போட்டி போடுகின்றன. 'கெட்' என்றால் கேட்டோ கெஞ்சியோ நயமாகப் பேசியோ இணங்க வைத்தேன். 'மேக்' என்றால் அவர் விரும்பாவிட்டாலும் செய்ய வைத்தேன். 'ஹேவ்' என்றால் அது அவர் வேலை, சொன்னேன், செய்தார். இந்த மூன்றில் 'கெட்'டுக்கு மட்டுமே 'டு' உண்டு: 'ஐ மேட் ஹிம் வெயிட்', 'ஐ ஹேட் த இலெக்ட்ரீஷியன் செக் இட்', 'ஐ காட் ஹிம் டு வெயிட்'. புதியவர்கள் 'டு'வை 'மேக்'குக்குக் கொடுத்துவிட்டு 'கெட்'டிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமாகச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

உயிரில்லாத பொருளையும் கெஞ்சலாம்: 'ஐ கான்ட் கெட் த கார் டு ஸ்டார்ட்', என்ன செய்தும் கார் கிளம்ப மாட்டேன் என்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்' என்றால் ஆளை வைத்துத் திருடச் சொன்னது போலவும் ஒலிக்கலாம். திருட்டு, விபத்து போன்றவற்றில் பொருளையே எழுவாயாக்குங்கள்: 'மை ஃபோன் காட் ஸ்டோலன்'. காவல் நிலையப் புகாரில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல.

7. அடுத்து 'டு' சேர்ந்த வினை வந்தால்: வாய்ப்பு, பழக்கம்

'ஐ காட் டு சீ த ப்ரைம் மினிஸ்டர்' என்றால் பிரதமரைப் பார்க்கிற வாய்ப்பு கிடைத்தது. 'தே கெட் டு கோ ஹோம் எர்லி' என்றால் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் சலுகை அவர்களுக்கு உண்டு. கொஞ்சம் பொறாமையோடு சொல்லப்படுகிற வாக்கியம் அது.

'கெட் டு நோ' என்பது தனி வழக்கு. ஒருவரோடு பழகப் பழக அறிந்துகொள்வது என்று பொருள்: 'ஐ காட் டு நோ ஹர் அட் காலேஜ்'. நம் ஊரில் செய்தி தெரியவந்தது என்பதற்கும் இதைப் போடுகிறோம்: 'ஐ காட் டு நோ தட் ஹீ ரிசைன்ட்'. அந்த இடத்தில் 'ஐ ஹர்ட்' அல்லது 'ஐ ஃபவுண்ட் அவுட்' போதும்.

'இங்' முடிகிற வினை வந்தால் தொடங்குதல்: 'லெட்ஸ் கெட் கோயிங்', கிளம்பலாம். 'வீ காட் டாக்கிங்', பேச ஆரம்பித்துவிட்டோம். இதில் சிக்கல் ஒன்றும் இல்லை, எண்ணிச் சில வினைகளோடுதான் வரும்.

8. 'ஹேவ் காட்': உருவம் பழையது, பொருள் இப்போதையது

'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. வாங்கிய கதை அல்ல, இருக்கிற நிலை. பேச்சில் 'ஐவ் காட்' என்று சுருங்கும். கேள்வி 'ஹேவ் யூ காட் எ பென்?', மறுப்பு 'ஐ ஹேவன்ட் காட் எ பென்'. 'டூ யூ ஹேவ் காட்' என்று கலக்க வேண்டாம். 'டூ யூ ஹேவ் எ பென்?' என்பது தனியே சரி, 'ஹேவ் யூ காட் எ பென்?' என்பதும் தனியே சரி. இறந்தகாலத்தில் இந்த அமைப்பை விட்டு 'ஐ ஹேட் எ கார்' என்று சொல்வதே வழக்கம்.

அமெரிக்கர்களின் 'காட்டன்' இங்கேதான் பயன்படுகிறது. அவர்களுக்கு 'ஐவ் காட் எ கார்' என்றால் இருக்கிறது, 'ஐவ் காட்டன் எ கார்' என்றால் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் பாணியில் படித்தவர் 'காட்டன்' போடவே தேவையில்லை. கலந்து போடாமல் ஒரு பக்கம் நின்றால் போதும்.

இப்போது முந்தைய படியோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். 'ஐ கெட் டு கோ' என்றால் போகிற பாக்கியம் எனக்கு. 'ஐவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும். வேகமான பேச்சில் இரண்டாவது 'ஐ காட்டா கோ' என்று தேய்ந்துவிடும். 'டு' வந்ததா என்பதோடு நிறுத்தாமல், முன்னால் 'ஹேவ்' அல்லது அதன் தேய்ந்த 'வ்' இருக்கிறதா என்றும் காது கொடுத்துக் கேளுங்கள்.

9. கடைசியாக 'அப்', 'ஓவர்', 'த்ரூ' சேர்ந்த கூட்டுகள்

பெரும்பாலானோர் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஐம்பது கூட்டுகள் உள்ள பட்டியலைத் தூக்கிக்கொண்டு திணறுகிறார்கள். நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம், நான்காம் படியின் இடப்பொருள் பழகியிருந்தால் இவற்றில் பாதி தானாகவே விளங்கும் என்பதுதான்.

'கெட் ஓவர் த வால்' என்றால் சுவரைத் தாண்டு. சுவருக்குப் பதில் காய்ச்சலையோ காதல் தோல்வியையோ வையுங்கள்: 'கெட் ஓவர் இட்', அதிலிருந்து மீண்டு வா. 'கெட் த்ரூ' என்றால் ஊடே புகுந்து வெளியே வா. தேர்வைத் தாண்டுவதும், தொலைபேசி இணைப்புக் கிடைப்பதும் அதிலிருந்து வருகின்றன. 'ஐ கான்ட் கெட் த்ரூ டு த பேங்க்' என்றால் வங்கிக்கு லைன் கிடைக்கவில்லை. 'கெட் பேக்' திரும்பி வருதல். 'ஐ வில் கெட் பேக் டு யூ' விசாரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்கிறேன். அலுவலக மின்னஞ்சலில் நாம் போடுகிற 'ரிவர்ட்' என்ற சொல்லுக்குப் பதில் இதைப் போடலாம்.

தனியே படிக்க வேண்டியவை கொஞ்சம்தான்: 'கெட் அலாங் வித்', ஒருவரோடு ஒத்துப்போவது, 'கெட் பை', இருப்பதை வைத்துச் சமாளிப்பது, 'கெட் அவே வித்', தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் போவது, 'கெட் ரிட் ஆஃப்', ஒழித்துக்கட்டுவது, 'கெட் அரவுண்ட் டு', தள்ளிப்போட்டதை ஒருவழியாகச் செய்வது. 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. கண் விழிப்பது 'வேக் அப்'. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கும் இடையில் நிறைய நேரம் இருக்கும்.

உச்சரிப்பில் ஒரு குறிப்பு. 'கெட் அப்' என்னும்போது அழுத்தம் 'அப்'பின் மேல் விழ வேண்டும். 'கெட்'டை அழுத்தினால் புரிந்துகொள்வது கடினமாகிவிடும்.

'கெட் லாஸ்ட்' கட்டளையாக வந்தால் 'தொலைந்து போ'. 'ஐ காட் லாஸ்ட்' என்றால் வெறும் வழி தவறினேன். 'கெட் அவுட்' கோபத்தில் வெளியே போ. நண்பர்களுக்குள் சிரித்துக்கொண்டே சொன்னால் "அட போப்பா, நம்ப முடியவில்லை". குரலைக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் நீங்களாகச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

10. பழகும் முறையும், எழுத்தில் எங்கே நிறுத்துவது என்பதும்

முதல் வாரம் பேச வேண்டாம், பிரித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு ஆங்கிலத் தொடரைச் சப்டைட்டிலோடு ஓடவிட்டு, 'கெட்' அல்லது 'காட்' வரும்போதெல்லாம் நிறுத்தி, அடுத்த சொல் என்ன வகை என்று பார்த்து, அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். பொருளைப் பிறகு யோசிக்கலாம். எந்தப் பக்கத்திலும் சேராதது வந்தால் ஓரமாகக் குறித்துவையுங்கள். பெரும்பாலும் அது ஒன்பதாம் படியைச் சேர்ந்த கூட்டாக இருக்கும்.

அகராதி பார்ப்பதானால் ஆங்கிலம்–தமிழ் அகராதியை விடக் கற்பவர்களுக்கான ஆங்கில அகராதி இங்கே உதவும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசமாக உள்ளன. அவற்றில் அர்த்தங்களோடு அந்தச் சொல் எந்த அமைப்பில் வரும் என்பதையும் கொடுத்திருப்பார்கள். புதியவர்கள் அதைத் தாண்டிப் போய் விளக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பொறுத்தவரை விளக்கத்தைவிட அமைப்புதான் முக்கியம். ஒலியைக் கேட்க யூக்ளிஷ் என்ற தளம் போதும். தேடும் தொடர் வருகிற யூடியூப் காணொளிகளை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டும்.

அடுத்த வாரத்திலிருந்து உங்கள் சொந்த நாளைச் சொல்லுங்கள். காலையில் எழுந்தது முதல் இரவு வரை நடந்தவற்றில் எது 'கிடைத்தது', எது 'ஆனது', எங்கே 'போய்ச் சேர்ந்தது', யாரைக் கொண்டு 'செய்வித்தது' என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். முடி வெட்டிய நாளில் எப்படியும் ஆறாம் படி வந்துவிடும்.

விண்ணப்பம், கட்டுரை, அலுவலகக் கடிதம் ஆகியவற்றில் 'கெட்'டைக் குறைத்துக்கொள்வது நல்லது. பெயர்ச்சொல் வந்த இடத்தில் 'ரிசீவ்' அல்லது 'அப்டெய்ன்', பெயரடை வந்த இடத்தில் 'பிகம்', இடம் வந்த இடத்தில் 'அரைவ்' அல்லது 'ரீச்', மூன்றாம் வடிவத்துக்கு முன் 'இஸ்' அல்லது 'வாஸ்'. எது எந்த இடத்துக்கு என்பதை அடுத்த சொல்லே சொல்லிவிடுவதால், மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் 'ஐ அப்டெய்ன்ட் ஆங்க்ரி' என்று எழுதிவிடுவீர்கள். விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும்போது இதைவிட விசித்திரமானவற்றையும் பார்த்திருக்கிறேன். 'கெட் மேரீட்' போன்றவற்றை மாற்றவே தேவையில்லை, கடிதத்திலும் அப்படியே இருக்கலாம். பேச்சில் இந்த மாற்று வேலை எதுவும் வேண்டாம். காஃபி கேட்கும்போது 'அப்டெய்ன் மீ எ காஃபி' என்றால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார்.